சூட்கேஸில் இடம் கொடுத்தவர்

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவர் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார். மேஜைமேல் இருக்கும் டிபன் டப்பா, யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டின், அலுவலகத்துக்குப் புதிதாக வந்திறங்கிய பிரிண்டர், எதுவானாலும் சரி. லேசாக உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, எடையைச் சொல்லிவிட்டுக் கீழே வைப்பார். என்னைச் சந்தித்த அன்று, நான் வாசிக்கிற நான்கு கம்பி பாஸ் கிதாரை உறையோடு தூக்கினார்.

"அஞ்சரை கிலோ இருக்கும் சார். இது பெட்டில போடற சாமான் இல்லை. கையில வச்சுக்கிட்டுதான் ஏறணும்" என்றார்.

நான் எங்கும் ஏறப் போவதாகச் சொல்லவில்லை. கேட்காமல் அடுத்தவர் பொருளைத் தொடுகிற மனிதர் என்று அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொருவருடைய வேலைக்கு ஆபத்து வரலாம். அந்த இன்னொருவருக்கு இப்போது இரண்டு குழந்தைகள் என்று கேள்வி.

அவர் செகந்தராபாத் தமிழர். ராணுவக் குடியிருப்பு வெள்ளைக்காரர்களிடம் இருந்த காலத்திலேயே குடும்பம் அங்கே வந்துவிட்டது. தமிழ்தான் பேசுவார், ஆனால் நடுவில் 'ஹவ்' என்பார், 'நக்கோ' என்பார். ஆமாம், வேண்டாம் என்பதற்கு அவருக்கு அந்தச் சொற்கள்தான் முதலில் வரும். நாங்கள் இருவரும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தோம். எங்கள் மென்பொருளை அமெரிக்க வாடிக்கையாளர்களின் இடத்தில் நிறுவிக் கொடுப்பது அவர் வேலை. வருஷத்துக்குப் பல தடவை போவார், சில வாரங்களில் திரும்பிவிடுவார்.

மற்றவர்கள் அமெரிக்கா போகும் தேதியைக் கல்யாணம் நிச்சயமான பெண்ணைப் போல் மறைத்து வைத்திருப்பார்கள். தெரிந்தால் ஆளாளுக்குச் சாமான் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இவர் கேன்டீனில் தட்டோடு நின்றுகொண்டு அறிவிப்பார்.

"புதன்கிழமை கிளம்பறேன். யாருக்கு என்ன வேணுமோ சொல்லிடுங்க. பெட்டி காலியாத்தான் இருக்கு."

யாருக்கும் மறுத்ததில்லை. பொருளின் விலைக்கு மேல் எதுவும் வாங்கியதும் இல்லை. எங்களை அவரைப் பற்றிச் சந்தேகப்பட வைத்தது இதுதான். அந்த நாட்களில் ஹைதராபாத்தில் காரணமில்லாமல் அதிகமாகச் சிரிக்கிற எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களை ஏதாவது ஹோட்டல் ஹாலுக்குக் கூப்பிடுவார். அங்கே டை கட்டிய ஒருவர் பலகையில் வட்டங்கள் வரைந்து, நீங்கள் ஒருவரைச் சேர்த்தால் அவர் இருவரைச் சேர்ப்பார் என்று விளக்கி, கடைசியில் சோப்பு விற்பார். "இவர் எப்போ வட்டம் போடப் போறார்?" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இன்ஷூரன்ஸ் என்றார்கள் சிலர். ஊருக்கு வெளியே கட்கேசரில் மனை பிளாட் என்றார்கள் வேறு சிலர். நான் தரப் பிரிவில் இருந்தேன். செய்துவிட்டதாக மற்றவர்கள் எழுதியதை உண்மையில் செய்தார்களா என்று பார்ப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவன் என்ற முறையில், அவரைக் கவனிப்பது என் பொறுப்பு என்றே நினைத்தேன்.

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு சின்ன இசைக்குழு இருந்தது. ஆண்டு விழா, பொங்கல், உகாதி என்று மேடை கிடைக்கும். டிரம்ஸ் வாசித்தவர் பெரிய மேனேஜர், சென்னைக்காரர். முன்பு செகந்தராபாத்தில் ஒரு சிறிய கம்பெனியில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அது மூடப்பட்ட பிறகு இருவருமே இங்கே வந்தோம். குழுவில் யார் இருப்பது, யார் போவது என்பதெல்லாம் அவர் முடிவு. எனக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. தரப் பிரிவுக்காரனை யாரும் டீ குடிக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அந்த நான்கு கம்பிகளுக்காக மட்டும்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த இடத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஒரு விழாவில் என் பாஸை நேராக ஹால் ஒலிபெருக்கியின் மிக்ஸரில் சொருகினார்கள். ஹாலில் ஏதோ கேட்டிருக்கலாம். மேடையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. டிரம்ஸ்காரருக்கு நடுவில் தாளம் நழுவியது. கீழே இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"உங்க பாஸ் கேக்கவே இல்லை ஜி. நான் காத்தோட சேந்து அடிச்சிட்டிருந்தேன். அடுத்த பில்டிங்ல ஒரு பையன் இருக்கான், சொந்தமா ஆம்ப் வச்சிருக்கான். நான் ஒண்ணும் சொல்லலை. சும்மா ஒரு தகவலுக்கு."

ஆம்ப் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற வகை. காம்போ என்பார்கள். இணையத்தில் பாஸ் வாசிப்பவர்கள் எழுதியதையெல்லாம் அச்செடுத்து, எடை, வாட், ஸ்பீக்கர் அளவு, விலை என்று பத்தி பிரித்து வைத்தேன். அந்தத் தாள்களை ஒரு மதியம் அவர் என் மேஜையில் பார்த்துவிட்டார். தாளையே தூக்கிப் பார்ப்பாரோ என்று நினைத்தேன். உட்கார்ந்து படித்தார்.

"இதை என்கிட்ட சொல்லக் கூடாதா சார்? சனிக்கிழமை கடைக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாம், வாங்க."

செகந்தராபாத்தில் இரண்டு கடைகளுக்குப் போனோம். முதல் கடையில் ஒரு கறுப்புப் பெட்டியின் முன்னால் ஆயிரம் வாட் என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விற்பனையாள் அதை வருடிக்கொண்டே பேசினான். இவர் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. இது இழுக்கிற கரண்டுக்கு வீட்டு மிக்ஸிகூட ஓடாது. ஆயிரமாம்."

விற்பனையாள் சிரித்தான். இருவரும் ஏற்கெனவே பழகியவர்கள் போல எனக்குத் தோன்றியது. அடுத்த கடையில் வெளிநாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் சத்தத்தில் கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. எனக்கு அதைவிட்டு நகரவே மனமில்லை. இவர் அதைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உங்க வீடு எந்த மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட்?"

"இல்லை."

"அப்போ வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வரும். சாமி தேர் மாதிரி."

வெளியே வந்து டீக்கடை வாசலில் நின்று என்னைக் கேட்டார். "மேடையில யாருக்குக் கேக்கணும் சார்? ஜனங்களுக்கா, உங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான்."

"ஜனங்களுக்கு ஹால்ல ஸ்பீக்கர் வச்சிருக்கான். ஆம்ப்லருந்து ஒரு வயர் அங்க போனா போதும். உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டா சரி. வீட்ல பிராக்டீஸுக்கு ஹெட்ஃபோன் மாட்டற ஓட்டை வேணும், கீழ் வீட்டுக்காரர் இருக்கார். ஒரு ஆள் மாடி ஏத்தணும். இதுக்கு மேல எதுக்கு வாட்ஸ்?"

என் பட்டியலில் நடுவாந்தரமாக இருந்த ஒன்றின்மேல் விரல் வைத்தார். நூறு வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். "இது அமெரிக்காவுல இங்கத்து விலையில பாதி. என் பெட்டில வந்துடும்."

"உங்க சாமான்?"

"எனக்கென்ன சாமான் சார். ரெண்டு சட்டை."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். அவள் திருச்சிக்காரி.

"இருபது கிலோ பெட்டியை எவன் சும்மா தூக்கிட்டு வருவான்? உங்க அண்ணன் ஊர்லருந்து வர்றப்ப ஒரு கிலோ புளி கொண்டாரச் சொன்னா மூக்கால அழுவாரு. இந்த மனுஷனுக்கு நம்மகிட்ட என்ன வேணும்?"

"தெரியலை. இன்னும் கேக்கலை."

"கேப்பாரு பாருங்க."

அவர் அமெரிக்கா போய்த் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிறு காலை ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டு மூன்று மாடியையும் அவரே அந்தப் பெட்டியைச் சுமந்து ஏறி வந்தார். என்னைப் பிடிக்க விடவில்லை. கூடத்தில் இறக்கினார். சுற்றியிருந்த பெட்ஷீட்டை அவிழ்த்தார். ஸ்பீக்கருக்குக் கீழே காற்று வெளியேற ஒரு வட்டத் துவாரம் இருந்தது. அதற்குள் கையை முழங்கை வரை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சுருட்டிய சாக்ஸ்கள். யாருக்கோ முகத்துக்குப் பூசும் கிரீம். சாக்லேட் பொட்டலங்கள். எங்கள் வரவேற்பறைப் பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் இரண்டு டப்பா.

"மேஜிக் ஷோ மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. சாக்லேட் ஒன்று அவள் கைக்குப் போயிருந்தது.

நான் ஆவலோடு வயரை எடுத்துச் சுவரில் சொருகப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"நக்கோ சார், நக்கோ. இது அமெரிக்கா பெட்டி. அங்க கரண்ட் நம்ம ஊர்ல பாதிதான். நேரா சொருகினா ஒரே புகை. அவ்ளோதான் கதை."

படித்த தாள்களில் எங்கேயும் இது இல்லை. எழுதியவர்கள் எல்லோரும் அமெரிக்கர்கள், அவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள். அவர் கீழே போய் ஸ்கூட்டரிலிருந்து செங்கல் அளவில் சாம்பல் நிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கொண்டுவந்தார். நம் மின்சாரத்தைப் பாதியாக்கிக் கொடுப்பது. நாச்சாரத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற ஒருவரிடம் சொல்லிச் செய்ததாம். அமெரிக்கா கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டாராம். நான் வாசித்த முதல் ஸ்வரம் தரை வழியாகப் பாதத்தில் ஏறியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன்பே அதற்கு வேண்டியதைச் செய்து வைத்த மனிதர் இன்னும் எதையெல்லாம் முன்பே யோசித்து வைத்திருக்கிறார் என்ற எண்ணமும் கூடவே ஏறியது.

புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார். "எங்க பாப்பா ஒரு பொம்மை வீடு கேட்டுச்சு சிஸ்டர். வெயிட் இல்லை, அட்டைதான், ஆனா இடத்தை அடைக்கும். அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

கதவைச் சாத்தியதும் நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தோம். "எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க" என்றாள்.

பிறகு பல ஞாயிறுகள் வந்தார். ஆம்ப் எப்படி இருக்கிறது என்று கேட்பார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான் வாசிக்க, வெளியே ஒன்றும் கேட்காத பெட்டிக்கு எதிரில் சோபாவில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். காபியைப் பாதி குடிப்பார். எதுவும் கேட்க மாட்டார். நான் ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்பார் என்று காத்திருப்பேன். அவர் போன பிறகு, இன்றைக்கும் கேட்கவில்லை என்பது ஒரு பாரமாக இருக்கும்.

கேட்டது நாச்சாரத்தில். டிரான்ஸ்ஃபார்மரின் ஃபியூஸ் போய்விட்டதால் அதைச் சுற்றிக் கொடுத்தவரிடமே எடுத்துப் போயிருந்தோம். எதிரில் ஈரானி டீக்கடை. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம். அது நின்ற இடைவெளியில் பேசினார்.

"சார், ஒரு சின்ன விஷயம்."

எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வட்டமோ பிளாட்டோ, வந்துவிட்டது.

"என் மச்சான். வைஃபோட தம்பி. வேலூர்லருந்து வந்து எங்க வீட்லதான் இருக்கான். அமீர்பேட்டில கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிட்டான். எங்க போனாலும் ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் கேக்கறாங்க. வேலை குடுத்தாத்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்? ராத்திரி எங்ககூட உக்காந்து சாப்பிடறதில்லை சார். பசிக்கலைன்னு சொல்றான்."

"நான் நம்ம ஹெச்.ஆர்.ல பேசிப் பார்க்கட்டுமா?"

"அதெல்லாம் நக்கோ. வேற இடத்துல கிடைச்சிடுச்சு. உங்க பழைய கம்பெனி மூடிட்டாங்கல்ல? அங்க ரெண்டு வருஷம் இருந்ததா ரெஸ்யூமேல போட்டிருக்கான். அவங்க செக் பண்ணுவாங்க. கூட வேலை பார்த்த ரெண்டு பேர்கிட்ட போன்ல கேப்பாங்க. ஒருத்தர் ஓகே சொல்லிட்டார்."

"யாரு?"

"உங்க டிரம்ஸ்காரர்தான்."

"நான் என்ன சொல்லணும்?"

"ஆமான்னு சொன்னா போதும்."

"இல்லாததை இருக்குன்னு யார் எழுதியிருக்காங்கன்னு பார்க்கறதுதானே என் வேலையே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதனாலதானே உங்க வார்த்தைக்கு மதிப்பு."

இரும்பு அறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கி அடங்கியது. பிறகு நான் முடியாது என்றேன்.

"ஹவ் சார். கேட்டுப் பார்த்தேன்" என்றார். டீக்குக் காசு அவரே கொடுத்தார். ஃபியூஸ் மாற்றிய டிரான்ஸ்ஃபார்மரை அவரே தூக்கிக்கொண்டார். மறுநாள் கேன்டீனில் அதே சிரிப்பு. ஆம்ப் எப்படி இருக்கிறது என்று அதே கேள்வி. மறுத்தவனிடம் யாருக்கும் கொஞ்சம் முகம் சுருங்கும். இவருக்குச் சுருங்கவில்லை. எனக்கு அது மேலும் பயத்தைக் கொடுத்தது.

அவர் உதவிய ஆட்களை மனத்துக்குள் நிறுத்திப் பார்த்தேன். மூடிப்போன கம்பெனியிலிருந்து வந்தவர்கள் நானும் டிரம்ஸ்காரரும். என் ஆம்ப் அவர் சூட்கேஸில் வந்தது. டிரம்ஸ்காரரின் இரண்டு சிம்பல் தட்டுகளும் அதே சூட்கேஸில் வந்தவைதான். முதல் நாளே என்னிடம், "முந்தி எங்க இருந்தீங்க?" என்று கேட்டிருந்தார். எல்லாம் பொருந்தியது. ஆனால் அந்த வரவேற்பறைப் பெண்ணால் யாருக்கும் எந்தச் சான்றும் கொடுக்க முடியாது. அவள் அப்பாவுக்கு எதற்காகச் சர்க்கரைப் பட்டைகள்? அது மட்டும் என் கணக்குக்குள் அடங்க மறுத்தது.

மனைவியிடம் சொன்னேன்.

"அவ்ளோதானா? நான் பிளாட்டு தலையில கட்டப் போறாருன்னு நெனச்சேன். ஒரு போனுதானே. பாவம் அந்தப் பையன்."

"பொய் சொல்லச் சொல்றார்."

"உங்க தம்பிக்கு கேஸ் கனெக்ஷன் வாங்க நம்ம வீட்டு அட்ரஸைக் குடுத்தீங்களே. அவரு எந்த ரூம்ல படுத்திருந்தாரு?"

"அது வேற."

"எது வேற?"

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மதியமே மேடையில் ஒலிச் சோதனைக்குக் கூடினோம். அவர் வழக்கம்போல வந்தார். பெட்டியை மேடையில் ஏற்றி, டிரான்ஸ்ஃபார்மரைப் பக்கத்தில் வைத்து, வயர்களை மாட்டினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயரை மாற்றி மாட்டினால் போதும், என் பெட்டி புகையாகிவிடும். வீட்டிலிருந்து வோல்ட் மீட்டரைக் கொண்டுபோயிருந்தேன். வெளியே எடுக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எடுத்தேன்.

அவர் நகர்ந்து இடம் விட்டார். "பாத்துக்கோங்க சார். பாக்கணும்."

முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"என்னா ஜி, டெலிவரிக்கு முன்னாடி டெஸ்டிங்கா?" என்றார் டிரம்ஸ்காரர். அவர் சிம்பல்களைத் திருகிக்கொண்டிருந்தார். காலி ஹாலில் மூன்றாவது வரிசையில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். மடியில் பாஸ் உறை. அடுத்த கட்டடத்துப் பையன் அவன்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

"நாந்தான் வரச் சொன்னேன். உங்க அமெரிக்கா பொட்டி புகைஞ்சா ஆள் வேணும்ல" என்றார் டிரம்ஸ்காரர். பிறகு குரலை இறக்கினார். "அந்த ரெஃபரன்ஸுக்கு உங்க நம்பரைக் குடுத்திருக்கேன். இன்னிக்குக் கூப்பிடுவாங்க. ஒரு ஆமா சொல்லிடுங்க."

"முடியாதுன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லலையே" என்றார். அவர் பார்வை ஒரு தடவை மூன்றாவது வரிசைக்குப் போய்த் திரும்பியது.

நான் பாஸை மாட்டிக்கொண்டு ஒலியைக் கூட்டினேன். தடித்த கம்பியைத் தட்டினேன். மரத் தரை அதிர்ந்தது. டிரம்ஸ்காரர் தலையாட்டினார், கேட்கிறது என்று. பாட்டின் முதல் சில அடிகள் போயிருக்கும்.

அந்தக் காலத்துச் செல்போன்களுக்கு ஒரு குணம் இருந்தது. மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்பே பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கருக்குத் தெரிந்துவிடும். என் ஆம்ப் திடீரென்று கரகரத்தது. டிக்டிடிக், டிக்டிடிக் என்று ஹால் முழுக்கக் கேட்டது. எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகுதான் என் சட்டைப் பையில் மணி அடித்தது. தெரியாத நம்பர்.

டிரம்ஸ்காரர் குச்சியால் என் பையைக் காட்டி, எடு என்று சைகை செய்தார். மூன்றாவது வரிசைப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் போனைக் கையில் எடுத்தேன். எடுத்துப் பேசினால் என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கம்பெனியில் இருந்தேன், ஆனால் அப்படி ஒருவரைத் தெரியாது என்பேன். வேறு மாதிரி சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை. வேலூர்ப் பையனின் வேலையும் மேடையில் என் இடமும் அதே வாக்கியத்தில் போய்விடும்.

அவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னை அண்ணாந்து பார்த்து, இல்லை என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"எடுக்க நக்கோ சார்" என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி. "விடுங்க."

மணி அடித்து ஓய்ந்தது. ஆம்ப்பும் அடங்கியது. டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி மறுபடி எண்ணத் தொடங்கினார்.

அன்று மாலை பாஸ் எல்லோருக்கும் கேட்டது. இறங்கும்போது டிரம்ஸ்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு கேட்டுச்சு ஜி" என்றார். மூன்றாவது வரிசைப் பையனை அவர் மறுபடி அழைத்ததாகத் தெரியவில்லை. அந்த நம்பரிலிருந்து எனக்கு மீண்டும் போன் வரவில்லை.

அந்த 'நக்கோ'வைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். என்னைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். நான் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் முகத்தை எத்தனை தடவை நினைவுக்குக் கொண்டுவந்தாலும் இரண்டுக்கும் அதே முகம்தான் பொருந்துகிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு வந்தார். கூடவே ஒல்லியாக, புதுச் சட்டை மடிப்புக்கூடக் கலையாத ஒரு பையன். கையில் ஸ்வீட் பெட்டி. என் மனைவி இருவரையும் உட்காரச் சொன்னாள். பையன் உட்காரவில்லை.

"வேலைல சேந்துட்டேன் சார். உங்களாலதான்" என்றான்.

"நான் ஒண்ணும் செய்யலையே."

"மாமா சொன்னாரு, நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு." அவன் கண் கலங்கியிருந்தது. "நீங்க என்னைப் பார்த்ததே இல்லை. ஆனா போன்ல எவ்ளோ நல்லா சொல்லியிருக்கீங்க. ஹெச்.ஆர். மேடம் அப்படியே எனக்குச் சொன்னாங்க சார். 'மொதல்ல கொஞ்சம் மெதுவாத்தான் இருப்பான், ஆனா அவன் செஞ்சதை இன்னொருத்தர் திரும்பச் செய்ய வேண்டி வராது'ன்னு சொன்னீங்களாம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் மனைவியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது என் வாக்கியம்தான். எனக்குப் பிடித்த ஓர் ஆளைப் பற்றிக் கேட்டால் நான் அப்படித்தான் சொல்வேன். அந்த வார்த்தைகள், அந்த வரிசை, முதலில் குறையைச் சொல்லிவிட்டு நிறைக்கு வருவது, எல்லாம் நான்தான். நான் மட்டும் அதைச் சொல்லவில்லை. எந்த நம்பரில், யார் குரலில் நான் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவர் ஏதாவது பதில் வைத்திருப்பார். அந்தப் பதிலிலும் ஒரு பிழையும் இருந்திருக்காது.

பையன் ஸ்வீட் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க சொன்ன வார்த்தை பொய்யாப் போகாம பாத்துக்கறேன் சார்."

பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"பாத்துக்கோ" என்றேன்.